தெற்கு எல்லை

சாட்சியின் பெயர் கார்மேகம், வயது நாற்பத்தொன்று, தகப்பனார் காலஞ்சென்ற முத்தழகு, தொழில் வெல்டர். சொந்த ஊர் முகவரி: செக்கடித் தெரு, வீரமாணிக்கபுரம், சிவகங்கை மாவட்டம். தற்போதைய இருப்பிடம்: தொழிலாளர் கேம்ப், முசஃபா, அபுதாபி.

வீரமாணிக்கபுரம் உரிமையியல் நீதிமன்றத்தில் பாண்டித்துரை வாதியாகவும் நாகவள்ளி பிரதிவாதியாகவும் உள்ள வீட்டு வழக்கில், அந்த நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி, அபுதாபி இந்தியத் தூதரகத்தில் 2007 நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை முற்பகலில், எழுத்தர் தியாகு என்பவரால் கேட்டு எழுதப்பட்டது.

நான் மேலே கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். இந்த வழக்கின் வாதி பாண்டித்துரை என் உடன்பிறந்த அண்ணன். பிரதிவாதி நாகவள்ளி என் மனைவி. அண்ணனும் நானும் முசஃபாவில் ஒரே பட்டறையில் வேலை செய்கிறோம், கேம்பில் ஒரே ரூமில் இருக்கிறோம், அவருக்குக் கீழ்க்கட்டில், எனக்கு மேல்கட்டில். இன்று காலை இருவரும் ஒரே டாக்சியில்தான் இங்கே வந்தோம். அவர் இப்போது இந்த அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். எழுதிக்கொள்ளச் சொன்னேன். வழக்குப் போட்டவரும் சாட்சி சொல்கிறவனும் முகம் பார்க்காதவர்கள் என்று கோர்ட்டு நினைத்துவிடக் கூடாது.

வழக்கு என்னவென்றால், செக்கடித் தெருவில் நாகவள்ளி பெயரில் உள்ள வீடு எங்கள் இருவருடைய கல்ஃப் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றும், ஆண்கள் இருவரும் வெளிநாட்டில் இருந்ததால் கையெழுத்துப் போட ஆளில்லாமல் அவள் பெயரைச் சும்மா பெயருக்கு எழுதினோம் என்றும், ஆகவே பாதி வீடு அண்ணனுக்குச் சேர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். எந்த எண்ணத்தில் அவள் பெயருக்கு எழுதப்பட்டது என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்றும், என் பதிலை வைத்துத்தான் அந்த வீடு தனக்கு நிற்குமா போகுமா என்பது தெரியும் என்று வக்கீல் சொன்னதாகவும் நாகவள்ளி போனில் சொன்னாள். இன்ன பதில் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் அப்பா கட்டிய வீடு அதே செக்கடித் தெருவில் இருக்கிறது. பட்டாவும் வரி ரசீதும் இன்றுவரை செத்துப்போன அப்பா பெயரில்தான் வருகின்றன. அண்ணன் குடும்பம் முன்கட்டில் இருந்தது, கல்யாணமான பிறகு நானும் நாகவள்ளியும் பின்கட்டில் இருந்தோம். அந்த வீட்டுக்கு வடபக்கத்து வீடு மதுரைக்குக் குடிபோன ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது, வெகுகாலம் பூட்டியே கிடந்தது. அதன் கொல்லையில் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கொல்லைக்குப் போக ஒரு சின்னக் கதவு உண்டு, அதன் வழியாகத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர் எடுத்து வந்தார்கள்.

அதன் பிறகு அண்ணன் முதலில் அபுதாபிக்கு வந்தார், பின்னால் என்னையும் அழைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் ஒரே எக்ஸ்சேஞ்சில் முன்னும் பின்னுமாக வரிசையில் நின்று ஒரே நாளில் ஊருக்குப் பணம் அனுப்புவோம். அங்கே அண்ணி சங்கீதாவும் நாகவள்ளியும் ஒரே ஆட்டோவில் பேங்குக்குப் போய் ஒரே பையில் போட்டு வாங்கி வருவார்கள். பை ஒன்றாக இருந்ததால் பணமும் ஒன்று என்று ஊர் நினைத்துக்கொண்டது. அண்ணனும் அப்படி நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்ததும் அவரவர் பணம் அவரவர் பெட்டிக்குப் போனது, இதை அண்ணியே மறுக்க மாட்டார்.

நான் அனுப்பியதில் நாகவள்ளி ஒரு கிரைண்டர் வாங்கினாள். அதன் பிறகு இட்லி மாவு ஆட்டி விற்றாள். அதன் பிறகு இன்னொரு கிரைண்டர் வாங்கினாள். எங்கள் ஊரில் பாதி வீட்டு இட்லி அவள் மாவில் அவிந்தது. தொகை விவரம் எழுத்தர் கேட்டார், அது பேங்கில் இருக்கிறது, கோர்ட்டு அங்கே கேட்டுக்கொள்ளலாம். நான் அனுப்பியது கிரைண்டர் வாங்கியது, கிரைண்டர்தான் வீடு வாங்கியது, எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

2003ஆம் ஆண்டு நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது வடபக்கத்து வீடு விலைக்கு வந்தது. அண்ணனுக்கு அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. நானும் நாகவள்ளியும் பத்திர எழுத்தர் சோலைமுத்துவிடம் போனோம். அவர் "யாரு பேருக்கு எழுதுறது?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் "எம் பேருக்குத்தான்" என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற நாகவள்ளியின் விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது, அதைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு கிணற்றடியைச் சுத்தம் செய்யப் போனோம். அங்கே கிடந்த துவைகல் ஒரு பக்கம் இறங்கிப்போய் ஆடிக்கொண்டிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பிப் புரட்டினேன். அடிப்பக்கம் முழுவதும் எழுத்து இருந்தது. ஊரே வந்து பார்த்தது. ஒருவர் புதையலுக்கு வழி எழுதியிருக்கிறது என்றார், இன்னொருவர் சாமிக்கல், அதில் துணி துவைத்ததால்தான் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போனது என்றார்.

அந்தச் சமயத்தில் ராதிகா என்ற பெண் மதுரையிலிருந்து வந்து எங்கள் ஊரில் தங்கி, சிவன் கோயில் சுவர் எழுத்துகளைப் படித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். யாரோ போய்ச் சொல்ல, அவர் வாளியும் பிரஷ்ஷும் காகிதச் சுருளுமாக வந்து சேர்ந்தார். முதலில் கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னார். அதன் பிறகு காகிதத்தை நனைத்துக் கல்மேல் விரித்து, எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்படி பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வந்தார். நாகவள்ளி இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு மை ஒற்றினார்கள். கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பி வந்தது.

ராதிகா மேல் வரிகளை விட்டுவிட்டுக் கீழே விரலை ஓட்டினார். அதில் என்ன என்று கேட்டேன். "மேல ராஜா பேருண்ணே. அது எல்லாக் கல்லுலயும் இருக்கும். ராஜாவுக்கு எந்த நாடு சொந்தம்னு எல்லாரும் எழுதிட்டாங்க. யாருக்கு எந்த வீடு சொந்தம்னு யாரும் கேக்கல. நான் அதத்தான் தேடிட்டிருக்கேன்" என்றார்.

அவர் சொல்லித்தான் எங்கள் ஊர் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய வியாபார நகரமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். செக்காட்டுகிறவர்களுக்கு ஒரு தெரு, நெய்கிறவர்களுக்கு ஒரு தெரு, குதிரை வியாபாரிகளுக்கு ஒரு தெரு என்று இருந்திருக்கிறது. வீடு கை மாறினால் கோயில் சுவரிலோ பலகைக் கல்லிலோ வெட்டி வைத்துவிடுவார்களாம். அரை வீடு வாங்கியவர்களும், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடியவர்களும், கிணற்றில் இவ்வளவு தண்ணீர் என்று பங்கு எழுதிக்கொண்டவர்களும் இருந்திருக்கிறார்கள். மண் கோயிலுக்கும் மேலே நிற்கும் வீடு குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருந்த தெருவும் உண்டாம். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஆட்கள் அன்றைக்கும் இதே சண்டைதான் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

அதன் பிறகு ராதிகா அந்தக் கல்லைப் படித்துக் காட்டினார். நகரத்து வியாபாரிகள் கூடி, செக்கு வாணிகன் சாத்தன் மகள் உய்யவந்தாள் என்கிற பெண்ணுக்கு, இந்த மனையும், மேல்நோக்கின மரமும், கீழ்நோக்கின கிணறும் விற்றுக் கொடுத்தோம் என்று அதில் இருந்தது.

நாகவள்ளி சிரித்துவிட்டாள். "கீழ்நோக்கின கெணறா? பின்ன கெணறு மேலயா நோக்கும்?" என்றாள். அதன் பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அப்ப இந்த வீடு ஒரு பொம்பளையோடதா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. எண்ணெய் ஆட்டி வித்து அவங்களே வாங்கினது. இங்க பாருங்க, இவள் முதுகண் இவள் கணவன் பெரியான்னு இருக்கு" என்றார் ராதிகா. முதுகண் என்றால் என்ன என்று கேட்டேன். அந்தக் காலத்தில் பெண் சொத்து வாங்கலாம், விற்கலாம், ஆனால் பத்திரத்தில் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது, அவளுக்காக ஓர் ஆண் பக்கத்தில் நிற்க வேண்டும், புருஷனோ மகனோ உடன்பிறந்தவனோ அப்படி நிற்பவன் முதுகண் என்று விளக்கினார்.

"அப்ப அந்தாளுக்கு வீட்ல என்ன பாத்தியதை?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே. கூட நிக்கிறதுதான் அவர் வேலை" என்றார்.

அதன் பிறகு எல்லைகளைப் படித்தார். கிழக்கே தெரு, மேற்கே எண்ணெய் இறக்கும் திடல், வடக்கே ஒரு நெசவாளி வீடு. தெற்கு எல்லை இருந்த மூலை உடைந்து போயிருந்தது. நாகவள்ளி அந்த உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "தெக்க யாரு இருந்தாக?" என்று கேட்டாள். பெயர் போய்விட்டது, இனித் தெரியாது என்று ராதிகா சொன்னார். நாகவள்ளி "பாவம், இருந்தாகதான? பேரில்லாமப் போச்சே" என்றாள். அவள் கையெல்லாம் மை. அந்தக் கையோடு உய்யவந்தாள் என்ற பெயர் இருந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டைத் தன் பேருக்கு எழுதச் சொல்லி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் வீம்பு பிடித்திருப்பேன். அவள் கேட்காமல் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் சோலைமுத்துவிடம் போய், நாகவள்ளி பேருக்கு எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீதான் ஊர்லயே இருக்கியேப்பா, ஒன் பேருக்குப் போடுறதுக்கு என்ன?" என்றார். கையெழுத்துப் போட ஆளில்லாமல் அவள் பெயரைப் போட்டோம் என்று வழக்கில் எழுதியிருப்பதற்கு இதுதான் என் பதில். ஆள் இருந்தான். பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

அதன் பிறகு சோலைமுத்து பழைய பத்திரத்தைப் பார்த்து எல்லைகளைச் சொல்லிக்கொண்டே எழுதினார். தெற்கு எல்லைக்கு வந்தபோது, எங்கள் அப்பா பெயரைச் சொல்லி, முத்தழகு வீட்டுக்கு வடக்கு என்றார். நாகவள்ளி குறுக்கிட்டாள். "மாமா பேரு வேணாங்க. பெரியத்தான் பேரப் போடுங்க. பாண்டித்துரை வீட்டுக்கு வடக்குன்னு எழுதுங்க" என்றாள். பெரியத்தான் என்று அவள் சொல்வது என் அண்ணனை.

"பட்டா அவரு பேர்ல இல்லயேம்மா" என்றார் சோலைமுத்து.

"இருக்கிறவுக பேரு இருக்கட்டுங்க. நாளைக்கு ஒரு மூலை ஒடஞ்சாலும் இன்னாரு இருந்தாகன்னு தெரியணும்ல" என்றாள்.

சோலைமுத்து என்னைப் பார்த்தார். அப்பா வீட்டில் உனக்கும் பாதி உண்டு, இப்படி எழுதினால் பின்னால் உனக்குத்தான் வம்பு என்று அவர் பார்வையிலேயே சொன்னார். நான் எழுதுங்கள் என்றேன். அந்த வீட்டில் எனக்குப் பங்கு கேட்கும் எண்ணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை, இனியும் வராது, இதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

அதன் பிறகு பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாகவள்ளி தானே தன் கையெழுத்தைப் போட்டாள். இந்தக் காலத்தில் முதுகண் தேவையில்லை. இருந்தாலும் நான் பக்கத்தில் நின்றேன். முதல் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன். வெளியே வந்ததும் அவள் "ஏங்க, நெசமாவே எம் பேருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் தெருவென்றும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

லீவு முடிந்து முசஃபாவுக்குத் திரும்பியதும், வீடு நாகவள்ளி பெயரில் பதிவாகிவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் "அதுவும் சரிதான், அது ஊர்ல இருக்கு, வரிகிரி கட்டத் தோதாப் போச்சு" என்றார். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். தெற்கு எல்லையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பிடிக்காது.

அதன் பிறகு எங்கள் ஊருக்குப் பைபாஸ் ரோடு வந்தது, செக்கடித் தெருவில் வீட்டு விலை ஏறியது. போன வருஷம் அண்ணன் லீவில் போனபோது அண்ணியின் தமையன் சேதுபதி அவரிடம் பேசியிருக்கிறார். இரண்டு ஆம்பிளைகள் பாலைவனத்தில் வெந்து வாங்கிய வீடு ஒரு பெண் பெயரில் நிற்கிறதே என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வழக்கு நடத்தச் சேதுபதி பெயருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் எப்போதும்போல எனக்கு ஊர் முறுக்கும் கருவாடும் கொண்டுவந்து கொடுத்தார், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் நாகவள்ளிக்குக் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. அவள் போனில் படித்துக் காட்டினாள். நான் நேராக ரூமுக்குப் போனேன். அண்ணன் மெஸ்ஸுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேஸ் போட்டிருக்கியாமே?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. "போட்டிருக்கேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னு ஒருநா அனுப்பிருவான்ல, அன்னைக்கு எங்கடா போயி நிக்கிறது? எம் பேருல என்ன இருக்கு? படுக்கிற கட்டிலு கம்பெனிக் கட்டிலு. ரூமு விசா குடுத்த கஃபீலோட ரூமு. ஊர்ல இருக்கிற வீடு அப்பா பேருல. இம்புட்டு வருசம் ஒழச்சு, இது பாண்டித்துரையோடதுன்னு சொல்ல ஒரு செங்கல் இருக்காடா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என்னிடம் கேட்டிருக்கலாம், என் பெண்டாட்டியைக் கோர்ட்டுக்கு இழுத்தது எனக்கு ஆறாது என்று கத்தினேன். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. ஆனால் சமையல் முறை அவருடையதாக இருந்த நாளெல்லாம் எனக்கு மீனில் நடுத்துண்டைத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, என் கட்டிலில் வைத்துவிட்டுத்தான் போனார். என் முறை வந்தபோது அவருக்குப் பிடிக்கும் என்று ரசத்தில் பூண்டு கூடத் தட்டிப் போட்டேன். எங்கள் மெஸ்ஸில் சாப்பிடும் மஹ்மூது, "ஏம்ப்பா, பேசிக்கிட்டே இதச் செஞ்சா என்ன?" என்று கேட்டார்.

நாகவள்ளி போன் பேசும்போதெல்லாம் "பெரியத்தான் சாப்பிட்டாகளா?" என்று கேட்பாள். எனக்கு எரிச்சல் வந்து, உன்மேல் கேஸ் போட்ட ஆள் சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். அதற்கு அவள், "கேசு கோர்ட்ல இருக்கட்டும். கொல்லைக் கதவ நான் பூட்டல. சங்கீதாக்கா எப்பயும்போல வந்து தண்ணி எடுக்குது. மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு எடுக்குது, அம்புட்டுத்தான்" என்றாள். மேலும் அவள், "ஆனா இந்த வீட்ட நான் விடமாட்டேங்க. அதையும் சொல்லிட்டேன்" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

இன்று நான் தூதரகத்துக்குப் போக வேண்டும் என்று பட்டறையில் லீவு கேட்டபோது, அண்ணனும் லீவு கேட்டார். வெகு நாளைக்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் வாய் திறந்தார். "என்ன சொல்லப் போறே?" என்று கேட்டார். நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றேன். "நானும் வாரேன்" என்றார். டாக்சியில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். இறங்கும்போது என் காலர் மடங்கியிருந்ததை அவர் இழுத்துச் சரிசெய்தார்.

இனிக் கோர்ட்டு கேட்ட கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். செக்கடித் தெரு வீடு நாகவள்ளியினுடையது. பெயருக்கு அல்ல, வசதிக்கு அல்ல, நான் இல்லாததால் அல்ல. அவள் வீடு, அவள் மரம், அவள் கிணறு என்று நினைத்துத்தான் அவள் பெயருக்கு எழுதச் சொன்னேன். அதில் எனக்கும் பங்கில்லை, என் அண்ணனுக்கும் பங்கில்லை. என் அண்ணன் பொய் சொல்லும் ஆள் அல்ல. ஒரே பையைப் பார்த்து ஒரே பணம் என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான் அவர் செய்த தவறு.

இது பாண்டித்துரையோடது என்று சொல்ல ஒரு செங்கல் உண்டா என்று அவர் கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அப்பா வீட்டை அண்ணன் வீடு என்று எழுதிய பத்திரம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது நாகவள்ளியின் பத்திரம். அதில் சொந்தக்காரி இடத்தில் அவள் பெயர் இருக்கிறது, தெற்கு எல்லையில் என் அண்ணன் பெயர் இருக்கிறது, சாட்சி இடத்தில் என் பெயர் இருக்கிறது. என் பெயரில் எந்த ஊரிலும் ஒரு சாண் இடம் கிடையாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் மனைவிக்குப் பக்கத்தில் நிற்க ஓர் இடம் இருக்கிறது, எனக்கு அது போதும்.

யாருடைய மிரட்டலுக்கும் பயந்தோ யாரிடமும் ஆதாயம் எதிர்பார்த்தோ நான் இதைச் சொல்லவில்லை. எழுத்தர் முழுவதையும் உரக்க எனக்குப் படித்துக் காட்டினார், நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை.

(ஒப்பம்) கார்மேகம்

எழுத்தரின் குறிப்பு: சாட்சியை அடையாளம் காட்ட வரவேண்டியிருந்த மஹ்மூது என்பவர் பட்டறையில் அவசர வேலை காரணமாக வர இயலவில்லை என்று தொலைபேசியில் தெரிவித்தார். அடையாளம் காட்ட ஆளில்லாவிட்டால் வாக்குமூலத்தை நீதிமன்றத்துக்கு அனுப்ப இயலாது என்றும் வேறொரு நாள் வரவேண்டியிருக்கும் என்றும் சாட்சியிடம் கூறப்பட்டது. வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியபோது அறைக் கதவு திறந்திருந்தது. வெளியில் உட்கார்ந்திருந்த வாதி பாண்டித்துரை தாமாகவே உள்ளே வந்து, தெற்கு எல்லையைப் பற்றி எழுதிய பகுதியை இன்னொரு முறை படிக்கும்படி கேட்டார். படித்துக் காட்டப்பட்டது. சாட்சி எழுந்து தம் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். வழக்கைப் பற்றித் தாம் இங்கே எதுவும் பேச வரவில்லை என்றும், சாட்சி இன்னார் என்று சொல்லத் தம்மைவிட வேறு ஆள் வேண்டாம் என்றும் வாதி கூறினார். எதிர்த் தரப்பைச் சேர்ந்தவர் அடையாளம் காட்டக் கூடாது என்று விதி எதுவும் இல்லாததால் அனுமதிக்கப்பட்டது. சொந்த ஊர் முகவரிக்குக் கதவு எண் கேட்டபோது, எண் வேண்டாம், தாம் சொல்கிறபடி எழுதினால் போதும் என்றார். அவர் சொன்னபடியே கீழே எழுதப்பட்டது.

மேலே ஒப்பமிட்டுள்ள கார்மேகத்தை அவர் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அவர் என் தம்பி.

(ஒப்பம்) பாண்டித்துரை, தகப்பனார் முத்தழகு,
நாகவள்ளி வீட்டுக்குத் தெற்கு,
செக்கடித் தெரு, வீரமாணிக்கபுரம்.